இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்

கேள்வி கேட்டவர் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு களப்பணிக் குழுவைப் புதிதாக ஏற்றிருக்கிறார். "பெரிய நெருக்கடி வந்தால் வேலையை எப்படி ஓட்டுவது, ஆட்களிடம் என்ன பேசுவது, எல்லாம் முடிந்தபிறகு நாம் எப்படித் தேறுவது? படித்ததைச் சொல்லாதீர்கள், பட்டதைச் சொல்லுங்கள்" என்கிறார்.

பட்டது என்றால் எனக்கு 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்தான். அப்போது தென்சென்னையில் செல்போன் டவர்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாறு ஆறு போகிற வழியெல்லாம் என் பகுதி. அறுபத்துச் சொச்சம் டவர், பதினோரு டெக்னீஷியன்கள், டீசல் ஊற்ற நான்கு பையன்கள், மூன்று வண்டி.

வெளியே இருப்பவர்களுக்கு டவர் என்றால் ஆன்டெனா. எங்களுக்கு டவர் என்றால் டீசல். கரண்ட் போனால் 48 வோல்ட் பேட்டரி வரிசை தாங்கும். எங்கள் சைட்டுகளில் நல்ல பேட்டரி என்றால் நான்கைந்து மணி நேரம், கிழட்டு பேட்டரி என்றால் ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு ஜெனரேட்டர். அது மணிக்கு இரண்டு லிட்டர் போல குடிக்கும். ஒரு கேன் 20 லிட்டர், தூக்கினால் ஏறக்குறைய 17 கிலோ. ஒரு கேன் போய்ச் சேர்ந்தால் ஒரு டவருக்குப் பத்து மணி நேர ஆயுள். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வரும்.

டிசம்பர் 1-ஆம் தேதி திடீரென்று வானம் பிளந்தது போல இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அப்படி இல்லை. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 10. அதற்கு முந்தின நாளே கடலூர், நெய்வேலிப் பக்கம் மழை வெளுத்து வாங்கியது. நவம்பர் நடுவில் முடிச்சூரும் வேளச்சேரியும் ஒருமுறை மூழ்கி எழுந்தன. அந்த ஒரு மாதத்தில் மட்டும் சென்னையில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 1918-க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. என் ஆட்களில் ஏழு பேர் தீபாவளிக்கு ஊருக்கே போகவில்லை. "டிசம்பர்ல போய்க்கலாம்" என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆக, பெரிய அடி விழுந்தபோது எங்களிடம் இருந்தது ஏற்கெனவே மூன்று வாரம் ஈரத்தில் ஊறிய குழு. முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நெருக்கடி வந்து நிற்கும்போது உங்கள் ஆட்கள் எவ்வளவு தூங்கியிருந்தார்கள், கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதற்கு முந்தைய மாதமே முடிவாகிவிடுகிறது.

டிசம்பர் 1 செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். மதியத்துக்கு மேல் மின்வாரியம் ஒவ்வொரு பகுதியாக சப்ளையை நிறுத்திக்கொண்டே வந்தது. அது சரியான முடிவுதான். தெருவோர மின் இணைப்புப் பெட்டிகள் தண்ணீருக்குள் இருந்தன. ஆனால் எங்கள் திரையில் ஒரே நேரத்தில் நாற்பது சைட்டில் "மெயின்ஸ் ஃபெயில்" என்று சிவப்பு அடித்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு போன். சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். அவர்கள் மொட்டைமாடியில் எங்கள் டவர். கேட்டில் மாட்டியிருக்கும் போர்டில் என் நம்பர் இருக்கும், அதைப் பார்த்து வீட்டு லேண்ட்லைனிலிருந்து அடித்தார். செல்போன் செத்த பிறகும் பல இடங்களில் லேண்ட்லைன் உயிரோடு இருந்தது. அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும். அவர் கேட்டது இவ்வளவுதான். இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறார். இன்வெர்ட்டர் இறங்கிவிட்டது. எங்கள் டெக்னீஷியன் இரக்கப்பட்டு டவர் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறான். விதிப்படி தப்பு. நான் அவனைத் திட்டவில்லை.

"சார், டீசல் குறையுதுன்னு பையன் சொல்றான். அடுத்த கேன் எப்ப வரும்? வரும்னா இங்கேயே வெச்சுக்கறோம். வராதுன்னா தி.நகர்ல அவங்க மச்சான் வீடு இருக்கு, இருட்டறதுக்குள்ள கொண்டு போயிடறோம். கீழே இன்னும் முழங்கால் தண்ணிதான்."

"ரெண்டு மணி நேரத்துல வந்துடும் சார்" என்றேன்.

அந்த நேரத்தில் என் டீசல் வண்டி கத்திப்பாராவில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் போனை எடுத்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்றும் தெரியாது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை அது. தையல்காரருக்கு "நாளைக்கு" எப்படியோ, எங்கள் தொழிலில் "ரெண்டு மணி நேரம்" அப்படி. வாயில் தானாக வரும். எதிரில் இருப்பவர் பதற்றம் அடங்கி போனை வைத்துவிடுவார், நாம் அடுத்த போனை எடுக்கலாம்.

அவர் நம்பினார். பெரியவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

டீசல் வரவில்லை. வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆன்டெனாவும் பெட்டியும் மொட்டைமாடியில் பத்திரமாக இருந்தன, ஜெனரேட்டர் மட்டும் தரையில் காம்பவுண்டு ஓரமாக இருந்தது. பாரம் அதிகம், சத்தம் அதிகம் என்று நகரத்தில் பாதி சைட்டுகளில் அப்படித்தான் வைத்திருந்தோம். இரவு பதினொன்றரைக்கு ஆறு உள்ளே வந்து அதைக் குடித்தது. அவசரத்துக்கு வைத்திருந்த ஒரு சிறிய சிலிண்டரை அளந்து அளந்து திறந்து விடியும் வரை ஓட்டியிருக்கிறார்கள். புதன்கிழமை காலை மீனவர் படகில் பெரியவரை ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து நான் நேரில் போனேன். படிக்கட்டுச் சுவரில் சேற்றுக்கோடு என் தோளுக்கு மேல் இருந்தது. செயலாளர் கோபப்படவில்லை, காபிகூடக் கொடுத்தார். "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். சாயங்காலமே கிளம்பியிருப்போம்" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த ஒரு வாக்கியம்தான். நெருக்கடியில் நாம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் வைத்து எதிரில் ஒருவர் ஒரு முடிவு எடுக்கிறார். நமக்கு அது ஆறுதல் வார்த்தை. அவருக்கு அது தகவல். "தெரியாது" என்பதும் அவருக்குத் தகவல்தான், பல நேரம் ரொம்ப உபயோகமான தகவல். இருட்டுவதற்குள் கிளம்பலாமா என்று யோசிப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இதே தப்பை அரசாங்கமும் செய்தது, வேறு வடிவத்தில். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று இரவு திறந்துவிட்ட நீர் நொடிக்கு 29,000 கன அடி. அடையாற்றின் கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்று எச்சரிக்கையும் விட்டார்கள். பொய் எதுவும் இல்லை. ஆனால் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு 29,000 கன அடி என்றால் என்ன? எனக்கே அப்போது தெரியாது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். 29,000 கன அடி என்றால் நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில், ஒவ்வொரு நொடியும் 68 லாரி கவிழ்வதற்குச் சமம். இது செம்பரம்பாக்கம் மட்டும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் தாம்பரத்தில் கொட்டிய மழையும் அதே ஆற்றில்தான் வந்து சேர்ந்தன. இப்படி யாராவது சொல்லியிருந்தால்? அதைவிட, "உங்கள் தெருவில் இரவு பன்னிரண்டுக்குள் முதல் மாடி வரை தண்ணீர் வரலாம், பத்துக்குள் கிளம்புங்கள்" என்று சொல்லியிருந்தால்? எச்சரிக்கையில் அளவு இருந்தது, முகவரி இல்லை. அணையை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதிவிட்டது.

கேட்டுக்கொண்டு பேசத் தெரிந்தவர்களை நான் புதன்கிழமை காலையில்தான் பார்த்தேன். லாரியில் ஃபைபர் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள். நாங்கள் ஒரு சைட்டுக்குக் கேன் கொண்டுபோக வழி தெரியாமல் தெருமுனையில் நின்றோம். ஒரு பெண்மணி ஓடிவந்து, "அண்ணே, காப்பாத்துங்கண்ணே, எங்க வீட்டுல எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க" என்று அழுதார். படகுக்காரர் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. "எந்தத் தெருமா? எத்தினியாவது மாடி? எத்தினி பேரு? நடக்க முடியாதவங்க யாருனா கீறாங்களா?" நான்கு கேள்வி. நான்காவது பதில் வருவதற்குள் அந்த அம்மாவின் அழுகை நின்றிருந்தது. "ரெண்டு நடை போவணும். மொதல்ல கெழவிய இட்டாறேன். நீ இங்கியே நில்லு, எங்கியும் போவாத" என்று சொல்லிவிட்டுத் தள்ளினார். என்ன செய்யப்போகிறார், எத்தனை தடவை, யார் முதலில், அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது. நான் பிற்பாடு நிறுவனச் செலவில் தகவல் தொடர்புப் பயிற்சி ஒன்றுக்கு இரண்டு நாள் போனேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அன்றே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. அந்த நான்கு நேரத்துக்கு என் ஆட்கள் அனைவருக்கும், டவர் இருக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். போகும். தெரிந்தது ஒரு வரி, தெரியாதது ஒரு வரி, அடுத்து எப்போது பேசுவேன் என்பது ஒரு வரி. "சைதை 4 ஓடுது, 3 படுத்துடுச்சு. கோட்டூர் தெரியல. அடுத்து 6 மணிக்கு." சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அனுப்பிவிடுவேன். "புதுசா எதுவும் இல்ல. அடுத்து 10 மணிக்கு." இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் இதை ஆரம்பித்த மறுநாள் எனக்கு வரும் போன் பாதியாகக் குறைந்தது. செய்தி இல்லை என்பதால் மட்டும் ஆட்கள் அடிப்பதில்லை, அடுத்த செய்தி எப்போது வரும் என்று தெரியாததால் அடிக்கிறார்கள். ஆறு மணிக்கு வரும் என்று தெரிந்தவர் ஐந்தரைக்கு அடிக்கமாட்டார். ஆறு மணிக்கு அனுப்பாமல் விட்டீர்களோ, ஆறு ஐந்துக்குப் பத்து போன் வரும். அது ஒரு கடன் மாதிரி.

எஸ்.எம்.எஸ். ஏன் என்று கேட்கலாம், அப்போதே எல்லோரிடமும் வாட்ஸ்ஆப் இருந்ததே? பேட்டரியை இழுத்துப்பிடிக்க நிறைய இடங்களில் 3ஜியை நிறுத்திவிட்டு 2ஜியை மட்டும் ஓடவிட்டோம், டேட்டா பேருக்குத்தான் இருந்தது. போன் பேச வேண்டுமானால் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் சிக்னல் வேண்டும், பேசி முடிக்கும் வரை ஒரு வழித்தடத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். நெரிசலில் அது கிடைக்காது. எஸ்.எம்.எஸ். அப்படி இல்லை. நடுவில் ஓரிடத்தில் காத்திருந்து, அந்தப் போன் எப்போது உயிர்பெறுகிறதோ அப்போது போய்ச்சேரும். தமிழில் தட்டினால் எழுபது எழுத்தில் ஒரு செய்தி உடைந்துவிடும், ஆங்கில எழுத்தில் என்றால் 160 வரை போகும், அதனால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தோம். அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் சொந்தக்காரர்களைத் தேடுபவர்களுக்கு இன்றைக்கும் நான் சொல்வது, திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், எழுதி அனுப்பிவிட்டு காத்திருங்கள்.

வாட்ஸ்ஆப் ஓடிய இடங்களில் வேறு கூத்து. மாமல்லபுரம் சாலையிலுள்ள பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒன்று. நாசாவே சொல்லிவிட்டது, இதைவிடப் பெருமழை வருகிறது என்று ஒன்று. பண்ணைக்காரர்கள் மறுத்துப் பார்த்தார்கள். மறுப்புக்கு முதலையின் வேகம் கிடையாது. ஆனால் இந்த வதந்திகளைவிட எங்களைப் படுத்தியது உண்மையான செய்திகள்தான். "கோட்டூர்புரத்தில் கைக்குழந்தையோடு மூன்று பேர், உடனே பகிரவும்." நிஜம்தான், ஆனால் செவ்வாய் இரவு நிஜம். அவர்களை மீட்டு இரண்டு நாள் ஆனபிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. தன்னார்வலர்கள் அதை நம்பிப் படகோடு போய்ப் பூட்டிய வீட்டைத் தட்டினார்கள். அன்றைக்கு அந்தப் படகு வேறு யாருக்கோ வேண்டியிருந்தது. தேதி, நேரம் போடாத உதவிக் கோரிக்கையைப் பகிராதீர்கள், உங்களுக்கு உதவி கிடைத்துவிட்டால் "முடிந்தது" என்று அதே இடத்தில் எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், செய்பவர் மிகக் குறைவு.

அடுத்து வேலை. இதில் எனக்குக் கொஞ்சம் கசப்பான கருத்து உண்டு. நெருக்கடி நேரத்தில் தூங்காமல் உழைப்பவனைக் கொண்டாடுகிறோம். என்னிடம் அப்படி ஒருவன் இருந்தான், குழுவிலேயே கெட்டிக்காரன். முப்பத்தாறு மணி நேரமாக வீட்டுக்குப் போகவில்லை. "இன்னும் ஒரே ஒரு சைட் அண்ணே" என்றான், விட்டேன். அவன் ஊற்றிய கேனில் வெள்ளத் தண்ணீர் கலந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் கேனை அசைக்காமல் வைத்து, அடியில் தண்ணீர் தங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவான். எங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். அந்தத் தண்ணீர் எஞ்சினின் டீசல் பம்ப் வரை போய் ஜெனரேட்டர் மொத்தமாகப் படுத்தது. அந்த ஒரு சைட் மட்டும் நான்கு நாள் எழவில்லை. அது இருபது சைட்டுக்கு வழி கொடுக்கும் ஹப். அந்த நான்கு நாள் அத்தனையும் ஊமை. அவன் ஆறு மணி நேரம் தூங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அன்றிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆனால் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆள் அடம் பிடித்தால் சண்டை போட்டு வாங்கினேன். ஆட்களைத் தூங்கவைப்பதும் மேற்பார்வையாளரின் வேலை. டீசல் ஊற்றுவதைவிடக் கஷ்டமான வேலை.

ஆட்கள் போய்ச்சேர முடியாவிட்டால் இயந்திரம் இருந்து பயன் இல்லை. டிசம்பர் 2-ஆம் தேதி தி இந்து ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் முறை என்றார்கள். மறைமலைநகரிலுள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போக முடியவில்லை என்பதுதான் காரணம். அதனால் யாருக்கு எந்த ஏரியா என்பதை நாங்கள் மாற்றினோம். அதுவரை எவனுக்கு எந்த டவர் பழக்கமோ அவனுக்கு அது. புதன்கிழமையிலிருந்து எவன் வீடு எதற்குப் பக்கமோ அவனுக்கு அது. பழகாத சைட் என்று முனகினார்கள். ஆனால் ஒருவன் ராத்திரி வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வர முடிந்தது. பெண்டாட்டி பிள்ளை எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாதவனிடம் வேலை வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. உங்கள் பன்னிரண்டு பேருடைய வீடும் எங்கே இருக்கிறது, தரைத்தளமா மாடியா, வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் உண்டா என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். என்னிடம் அறுபது டவரின் அட்சரேகை தீர்க்கரேகை இருந்தது. பதினோரு பேருடைய வீட்டு முகவரி இல்லை.

மேலிடம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தலைமை அலுவலகம் வேறு ஊரில். அங்கே வெயில். மணிக்கு ஒருமுறை கான்ஃபரன்ஸ் கால் வைத்து எத்தனை சதவீத டவர் மறுபடி ஓடுகிறது என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சதவீதத்துக்காக எக்செல் நிரப்பவே ஒவ்வொரு மணி நேரத்திலும் நாற்பது நிமிடம் போனது. இரண்டாம் நாள் பொறுமை போய், கணக்குப் பிரிவில் இருந்த ஒரு தம்பியைப் பிடித்து, "இனிமே மேலே பேசறது நீ மட்டும். என்கிட்ட நாலு வேளை மட்டும் நம்பர் வாங்கிக்க. மத்த நேரம் அவங்க என்ன கேட்டாலும் அடுத்த நம்பர் ஆறு மணிக்குன்னு சொல்லு" என்றேன். அவன் பயந்தான். நன்றாகச் செய்தான். மேலே பேச ஒருவர், கீழே பேச ஒருவர் என்று இருக்க வேண்டும், இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் மேலே பேசுவதுதான் ஜெயிக்கும்.

பணம். ஏ.டி.எம். எதுவும் ஓடவில்லை. திறந்திருந்த பங்க்கில் ரொக்கம் மட்டும், அதுவும் கேனில் ஊற்றமாட்டேன் என்பார்கள், வரிசையில் நிற்பவர்கள் அடிக்க வருவார்கள். என் தங்கையின் சீட்டுப் பணம் வீட்டில் இருந்தது, அதை எடுத்துத்தான் முதல் மூன்று நாள் ஓட்டினேன். படகுக்குக் கொடுத்தேன், சாப்பாட்டுக்குக் கொடுத்தேன். பிறகு அதற்கெல்லாம் பில் கேட்டார்கள். படகுக்கு எவன் பில் போடுவான்? இதெல்லாம் சின்ன எரிச்சல். ஆனால் நெருக்கடிக்கென்று பத்துப் பக்கத் திட்டம் எழுதும் நிறுவனம், மேற்பார்வையாளர் கையில் ஐம்பதாயிரம் ரொக்கம் வைத்தால் அந்தத் திட்டத்தில் ஒன்பது பக்கம் தேவைப்படாது.

நல்லதும் நடந்தது. நந்தம்பாக்கத்தில் ஒரு டவரை எடுக்கச் சொல்லி இரண்டு வருடமாக மனு போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். கதிர்வீச்சால் தென்னை காய்க்கவில்லை என்பது அவர் புகார். வியாழக்கிழமை அவர் எங்கள் ஜெனரேட்டருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். மழை நின்றபிறகு ஜனவரியில் மறுபடி மனு வந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி, தேறுவது. அந்த டிசம்பரில் சென்னையின் மன உறுதி என்று எங்கே பார்த்தாலும் எழுதினார்கள். எனக்கு அந்தப் பேச்சு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. என் டெக்னீஷியன்கள் எல்லோரும் ஒப்பந்த ஆட்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் வராதவனுக்கு அந்த இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். அதே வாரம் எங்கள் குழுவின் அசாத்திய உறுதியைப் பாராட்டி லேமினேட் செய்த சான்றிதழ் வந்தது. சம்பளத்துக்காக ஒரு மாதம் சண்டை போட்டேன், எட்டுப் பேருக்குக் கிடைத்தது, மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பத்துக்கு அரசு கொடுத்த 5,000 ரூபாயும், தொலைந்த ரேஷன் கார்டு, சான்றிதழ்களுக்கு நடத்திய முகாம்களும் அவர்களைத் தூக்கி நிறுத்தின. ஒருவன் மெத்தையும் கேஸ் அடுப்பும் வாங்கினபிறகுதான் சிரித்தான். ஆறு மாதம் கழித்து யார் சரியாகிவிட்டார்கள், யார் ஆகவில்லை என்று பார்த்தால், மனசு திடமானவன் தேறினான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேமிப்போ சொந்தமோ இருந்தவன் தேறினான். அது இல்லாதவன் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் வட்டிக்கு வாங்கி அதில் மாட்டிக்கொண்டான். உங்கள் ஆட்கள் தேற வேண்டும் என்றால் அவர்களுடைய சம்பளம், விடுப்பு, முன்பணம் இவற்றுக்காகச் சண்டை போடுங்கள். ஊக்கப் பேச்சு பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் கலந்த கேனை ஊற்றியவன் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. "நீ ஊத்தினது தப்பு இல்லடா, உன்னை அனுப்பினது என் தப்பு" என்று அறிக்கையில் எழுத்தில் போட்டு அவனிடம் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பழையபடி பேச ஆரம்பித்தான். அந்த அறிக்கையால் எனக்கு அந்த வருடம் இன்கிரிமென்ட் குறைந்தது, பரவாயில்லை.

நான் தேறினேனா? 2016 முழுக்க ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். டவர் உயிரோடு இருக்கும் வரை அலாரம் அடித்துக்கொண்டிருக்கும், செத்துவிட்டால் சத்தமே இருக்காது. அதனால் எனக்கு அமைதிதான் பயம். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஜெனரேட்டர்களுக்கு மேடை கட்டும் வேலையில் என்னைப் போட்டார்கள். சிமென்ட், செங்கல், நான்கடி உயரம் என்று ஒவ்வொரு சைட்டாகப் போய் நின்றது எந்த ஆலோசனையையும் விட உதவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் அந்த வேலையில் இல்லை. அந்த மேடைகளில் சில தாங்கின, சில தாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சைதாப்பேட்டைச் செயலாளர் மட்டும் இன்னும் அடிக்கிறார். ஒவ்வொரு அக்டோபரிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய முதல் நாள். அந்தப் பெரியவர் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் வீட்டிலேயே, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் செயலாளர் அடிப்பார். "டீசல் எவ்வளவு இருக்கு?" என்பார், வேறு நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. நான் இப்போது அங்கே இல்லை என்று அவருக்குத் தெரியும். "தெரியல சார், கேட்டுட்டு ஏழு மணிக்குச் சொல்றேன்" என்பேன். எனக்குப் பிறகு வந்த பையனுக்கு அடித்து, மீட்டரைப் பார்க்கச் சொல்லி, ஏழு மணிக்குத் திரும்ப அடிப்பேன். போன அக்டோபரில் 140 லிட்டர் இருந்தது.